ஆக்டிவ் சாலிட் மேசையில் கட்டுவது எப்படி? பூச்சி வாங்குவதற்கு முன் அளக்க வேண்டிய மூன்று எண்கள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி இயற்பியல் படிக்கிற நம் பிள்ளைகள் புராஜெக்ட் நேரம் வந்தால் என்ன செய்வது என்று முழிப்பது வழக்கம். பெரிய லேப் கிடையாது, கையில் காசு கிடையாது, ஆனால் வைவாவில் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டு மேசையிலேயே கட்டக்கூடிய, இன்றைக்கும் ஆய்வு நடக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அதிர்ந்து ஓடும் பொம்மைப் பூச்சிகளை ஸ்பிரிங்கால் ஒன்றோடொன்று கட்டி வைத்தால், யாரும் ஓட்டாமலே மொத்த வலையும் சேர்ந்து சுழன்று ஆடும். எங்கள் குழு இதை ஓடவைக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பட்டதில் பாதி பாடு இயற்பியலில் இல்லை. ஸ்பிரிங் பட்டறை, பில், கூரியர், பட்டன் செல் இவற்றில்தான்.

1. இது என்ன என்று இரண்டு நிமிடம்

பறவைக் கூட்டம், மீன் கூட்டம் பற்றிப் படித்திருப்பீர்கள். அங்கே யார் பக்கத்தில் யார் என்பது நொடிக்கு நொடி மாறும். ஆக்டிவ் சாலிடில் அண்டை வீட்டுக்காரர் மாறவே மாட்டார், ஸ்பிரிங் போட்டுக் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு முடிச்சிலும் தானாக ஓடப் பார்க்கிற ஒரு பூச்சி. அது முன்னே தள்ளும், ஸ்பிரிங் பின்னே இழுக்கும். இதோடு நின்றால் ஒன்றும் நடக்காது, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு அப்படியே நிற்கும். விஷயம் எங்கே என்றால், பூச்சியை நாம் ஒரு பக்கம் இழுத்தால் அதன் தலையும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்புகிறது. வலை பூச்சியை நகர்த்துகிறது, நகர்ந்த திசைக்குப் பூச்சி திரும்புகிறது, திரும்பிய திசையில் வலையைத் தள்ளுகிறது. இந்தச் சுற்று ஒரு அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே தாளத்தில் ஆட ஆரம்பிக்கிறது. முளையில் கட்டிய கன்று கயிறு இறுகியதும் நேரே போக முடியாமல் சுற்றி வருமே, ஒவ்வொரு முடிச்சும் அப்படித்தான் சுற்றும், ஆனால் எல்லாம் சேர்ந்து.

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆட்கள் சேர்ந்து 2022-ல் நேச்சர் ஃபிசிக்ஸில் போட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. அவர்கள் பயன்படுத்தியது ஹெக்ஸ்பக் நானோ என்கிற பொம்மை. வேறு பெரிய கருவி இல்லாமலே அடிப்படைச் சோதனை நடக்கும், அதனால்தான் நமக்கும் கட்டுப்படியாகிறது.

2. முதலில் பேப்பர் வேலை, பிறகு பொம்மை

கல்லூரி காசில் வாங்குவதாக இருந்தால் கடைக்குப் போவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கைக்காசு போட்டு வாங்கிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வருவதற்குள் உங்கள் கான்வொகேஷனே முடிந்துவிடும்.

ஒரு பக்க சினாப்சிஸ், கைடு மாஷின் (வழிகாட்டும் ஆசிரியரின்) கையெழுத்து, துறைத் தலைவரின் அனுமதி, மூன்று கடைக் கொட்டேஷன். கொட்டேஷனில் "பொம்மை" என்று எழுத விடாதீர்கள். ஆபீஸில் பார்க்கிறவர் அந்த ஒரு வார்த்தையில் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். "அதிர்வு மோட்டார் பொருத்திய சிறு நகரி" என்று எழுதினால் கேள்வி வராது, பொய்யும் இல்லை.

கோயம்புத்தூர்க் கடையில் வாங்கி வாளையார் வழியாகக் கொண்டுவந்தால் ஏதாவது சிக்கல் வருமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் பொதுவாக இ-வே பில் தேவையில்லை. நம்முடையது அதன் பக்கத்தில்கூட வராது. பில்லில் கேரள முகவரி போட்டால் ஐஜிஎஸ்டி என்று வரும், இல்லையென்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிந்து வரும். மொத்த வரி ஒன்றுதான். ஆனால் ஆபீஸ் கேட்பது பில்லில் கல்லூரிப் பெயரும் துறைப் பெயரும் இருக்கிறதா என்பதை. துண்டுச் சீட்டில் எழுதித் தரும் கணக்கு எடுபடாது, அச்சடித்த வரி பில் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முகவரியில் வெறுமனே சித்தூர் என்று போட்டால் பார்சல் ஆந்திராவுக்குப் போய்விடும். நம் சித்தூருக்குப் பின்கோடு 678101, அவர்கள் சித்தூருக்கு 517001. பாலக்காடு மாவட்டம், கேரளா என்பதை இரண்டு இடத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே தொல்லை தலைகீழாக வரும் என்று நினைக்கிறேன்.

வந்த பொருளை ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றச் சொல்லுங்கள். செல், ஸ்பிரிங், வளையல் எல்லாம் தீர்ந்துபோகும் பொருள் பக்கத்தில் வர வேண்டும். நிலையான பொருள் பக்கத்தில் ஏறிவிட்டால் கோர்ஸ் முடியும்போது செத்துப்போன பட்டன் செல்லை எண்ணித் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

3. ஒரே ஒரு பூச்சி வாங்கி மூன்று எண்களை அளக்கவும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பலரும் முதல் நாளே இருபது பூச்சி, நூறு ஸ்பிரிங் என்று வாங்கிவிடுகிறார்கள். வலை கட்டி முடித்து சுவிட்சைப் போட்டால் எல்லாம் அதிர்ந்துகொண்டு சும்மா நிற்கும். ஏன் என்று தெரியாது. ஒரு பூச்சியும் ஒரு ஸ்பிரிங்கும் கையில் இருந்தால் இதை முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

முதல் எண், பூச்சியின் தள்ளுவிசை. வலை எந்தப் பலகையில் ஓடப்போகிறதோ அதே மைக்காப் பலகையை ஒரு பக்கம் புத்தகம் வைத்துத் தூக்குங்கள். பூச்சியை மேல் நோக்கி ஓடவிட்டு, அது ஏறவும் முடியாமல் இறங்கவும் இல்லாமல் நிற்கிற சாய்வைப் பாருங்கள். சாய்வை அளக்க மொபைலில் ஆப் இருக்கிறது. எடை, 9.8, அந்தக் கோணத்தின் சைன் மூன்றையும் பெருக்கினால் விசை. ஏழு கிராம் பூச்சி 15 டிகிரியில் நின்றால் சுமார் 18 மில்லிநியூட்டன். எடையைப் பார்க்க நகைக்கடைத் தராசு போதும், கெமிஸ்ட்ரி லேபில் கேட்டாலும் தருவார்கள்.

இரண்டாவது எண், ஸ்பிரிங்கின் விறைப்பு. தொங்கவிட்டு எடை கட்டி நீட்சியை அளப்பது, பிளஸ் டூவில் செய்ததுதான். நமக்கு வேண்டிய ஸ்பிரிங் ரொம்ப மெத்தென்று இருக்க வேண்டும். மீட்டருக்கு ஒரு நியூட்டன் விறைப்பு என்றால் ஒரு கிராம் கட்டினாலே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளும். அந்த மாதிரி.

முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒரு நீளம் வரும். பூச்சி தன் பலத்தில் ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கும் என்பது அது. மீள்நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது எண்ணை யாரும் அளப்பதில்லை, ஆனால் விதி அதில்தான் இருக்கிறது. பூச்சியை எவ்வளவு தூரம் இழுத்தால் அது இழுத்த திசைக்குத் திரும்புகிறது என்கிற திரும்பல்நீளம். பூச்சியை ஓடும் நிலையில் அதன் வளையத்துக்குள் வையுங்கள் (வளையம் பற்றிப் பிறகு சொல்கிறேன்). தலை இடது பக்கம் பார்க்கட்டும். வளையத்தில் கட்டிய நூலை உங்கள் பக்கம் ஒரே வேகத்தில் இழுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல், மேலே மொபைல் வீடியோ. தொடக்கத்தில் இழுக்கும் திசைக்கும் தலைக்கும் 90 டிகிரி. அது குறைந்து சுமார் 40 டிகிரிக்கு வரும்போது வளையம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அதுதான் திரும்பல்நீளம். இடம், வலம் இரண்டு பக்கமும் பல முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு முறை அளந்து நிறுத்தாதீர்கள், அதிர்வில் எண் குதிக்கும்.

இங்கே ஒரு பொறி. எல்லாப் பூச்சியும் இழுக்கும் பக்கம் திரும்பாது. காலும் எடையும் அமைந்திருக்கிற விதத்தைப் பொறுத்து சில பொம்மைகள் இழுப்புக்கு எதிராக முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த வகை இந்த வேலைக்கு ஆகாது. விலை குறைவு என்று இருபது வாங்குவதற்கு முன் ஒன்றை வாங்கி இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது மீள்நீளத்தைத் திரும்பல்நீளத்தால் வகுக்கவும். ஒரே பூச்சி, ஒரே ஸ்பிரிங் பிடிப்பு என்றால் இந்த விகிதம் ஒன்றைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பூச்சி ஒரு திசையில் முட்டிக்கொண்டு நிற்கும். தாண்டினால் வட்டமடிக்கும். இவ்வளவுதான் மொத்தக் கதையும்.

4. வாணலிச் சோதனை

ஸ்பிரிங் வருவதற்கு நாளாகும். அதற்குள் வீட்டு வாணலியிலேயே இதைப் பார்த்துவிடலாம். குழிந்த பாத்திரம் ஸ்பிரிங் மாதிரியே நடுவை நோக்கி இழுக்கும். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை, பரவளையக் கிண்ணத்தில் ஹெக்ஸ்பக்கை ஓடவிட்டு 2019-ல் ஆய்வே வந்திருக்கிறது. அதில் இரண்டு நிலை: ஒன்று, பூச்சி மேல் நோக்கி ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். மற்றது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடி தட்டையாக இல்லாத பெரிய வாணலியாக எடுங்கள். உருளி வேண்டாம், அடி தட்டை. மொட்டை மாடியில் கிடக்கிற டிடிஎச் தட்டும் சரிப்படாது, அது பரவளையத்தின் ஓரத்துண்டு, நடு எது என்றே தெரியாது. வாயின் அகலம் 40 சென்டிமீட்டர், ஆழம் 8 என்றால் வளைவு ஆரம் இப்படி வரும்: அரை அகலம் 20-ஐ வர்க்கம் செய்தால் 400, அதை ஆழத்தின் இரண்டு மடங்கு 16-ஆல் வகுத்தால் 25, அதோடு ஆழத்தில் பாதி 4-ஐக் கூட்டினால் 29 சென்டிமீட்டர். பூச்சி ஏறமுடியாமல் நிற்கும் கோணத்தின் சைனை இதோடு பெருக்கினால் மீள்நீளம். 15 டிகிரிக்குச் சுமார் ஏழரை சென்டிமீட்டர். எடைகூடத் தேவைப்படாது, அது அடிபட்டுப் போய்விடும். கோணத்தை மட்டும் வாணலியின் பரப்புக்கு ஏற்ப மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

பூச்சி சுற்ற ஆரம்பித்தால் அது போடும் வட்டத்தின் ஆரத்தை அளங்கள். அந்த ஆரத்தின் வர்க்கத்தை மீள்நீளத்தால் வகுத்தால் திரும்பல்நீளம் கிடைக்கும். நான்கு சென்டிமீட்டர் வட்டம் என்றால் 16-ஐ 7.5-ஆல் வகுத்து, சுமார் 2.1 சென்டிமீட்டர். இது வளையம் இல்லாத வெறும் பூச்சியின் எண். நூல் கட்டி இழுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வளையம் எவ்வளவு மாற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு தனிப் பக்கம் கொடுக்கலாம்.

5. ஸ்பிரிங்: பாதிப் புராஜெக்ட் இங்கேதான் சாகிறது

பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் கைக்குக் கிடைக்கிறது என்று எல்லாரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அது மீட்டருக்கு நூறு நியூட்டனுக்கு மேலே போகும். 18 மில்லிநியூட்டன் பூச்சி அதை ஒரு தலைமுடி கனம்தான் நகர்த்தும். தூக்கிப் போடுங்கள்.

கோயம்புத்தூரில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் பட்டறைகளில் சொல்லிச் செய்துகொள்ளலாம். உக்கடத்தில் இறங்கினால் இரண்டுக்கும் டவுன் பஸ் இருக்கிறது. "மெத்தென்று வேண்டும் அண்ணா" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு மெத்தென்று இருப்பது வேறு, நமக்கு வேறு. அளவைச் சொல்லுங்கள்: ஸ்டீல் கம்பி 0.2 மி.மீ., சுற்றின் சராசரி விட்டம் 8 மி.மீ., 30 சுற்று, இரண்டு முனையிலும் கொக்கி. இது மீட்டருக்குச் சுமார் ஒரு நியூட்டன் தரும். கம்பி தடிமனின் நான்காம் அடுக்கு கணக்கில் வருவதால் 0.2-க்குப் பதில் 0.3 போட்டுவிட்டால் விறைப்பு ஐந்து மடங்காகும். "இதுதான் இருக்கு தம்பி, கொஞ்சம்தான் வித்தியாசம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விட்டம் மூன்றாம் அடுக்கில் கீழே வருகிறது. ஆகவே கம்பி தடிமனாகத்தான் கிடைக்கிறது என்றால் சுற்றைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்பிரிங்கை இறுக்கமாகச் சுற்றினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரு அளவு விசை வரும்வரை திறக்கவே திறக்காது. பூச்சியின் சின்ன விசைக்கு அது சுவர். சுற்றுக்குச் சுற்று கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி விட்டுச் சுற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான பட்டறையில் நூறுக்குக் குறைந்தால் மெஷினில் ஏற்ற மாட்டார்கள், அதனால் நூறாகவே வாங்கிவிடுங்கள், எப்படியும் சிக்கிக்கொண்டு பாதி வீணாகும். பட்டறை வேண்டாம் என்றால் கிதாரின் முதல் தந்தியை வாங்கி, பேனா உடம்பில் நீங்களே சுற்றலாம். ஏழு பூச்சிக்கு மேல் போனால் கை வலிக்கும், ஒன்றுபோல் ஒன்று வராது.

எத்தனை வேண்டும்? நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு பூச்சி வைத்து, அதற்கு வெளியே பன்னிரண்டு ஆணியில் ஓரத்தைக் கட்டினால் 30 ஸ்பிரிங். பத்தொன்பது பூச்சிக்கு வெளியே பதினெட்டு ஆணி, 72 ஸ்பிரிங். ஏழில் ஆரம்பியுங்கள்.

ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு முடிச்சில் ஆறு ஸ்பிரிங் கூடுகிறது. மற்ற முடிச்சுகள் அசையாது என்று வைத்தால் அந்தப் பூச்சி உணரும் விறைப்பு ஒரு ஸ்பிரிங்கைப் போல மூன்று மடங்கு. ஸ்பிரிங்கை நீட்டிக் கட்டினால் இன்னும் கூடும்: இயல்பு நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு இழுத்துக் கட்டினால் மூன்று மடங்கு நாலரை மடங்காகிவிடும். ஆகவே மேலே சொன்ன விகிதத்தைப் போடும்போது இந்த எண்ணைப் போடுங்கள். அதில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். வலை முழுவதும் சேர்ந்து அசையும்போது அண்டை முடிச்சுகளும் கூடவே நகர்வதால் அது ஒற்றை முடிச்சை விட மெத்தென்று இருக்கும், பெரிய வலை இன்னும் மெத்தென்று இருக்கும். ஒற்றையாக ஆடாதது கூட்டமாக ஆடும்.

6. வளையம்: வளையலே போதும்

பூச்சி வளையத்துக்குள் சுதந்திரமாகத் திரும்ப வேண்டும், ஆனால் வெளியே வரக்கூடாது. ஆய்வில் த்ரீடி பிரின்ட் செய்த வளையம் போட்டிருந்தார்கள். நமக்குப் பிளாஸ்டிக் பட்டை வளையல் போதும். வளையல் அளவு 2.4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், அதாவது 57 மி.மீ.; 2.2 என்றால் 54 மி.மீ. நானோ வகைப் பூச்சி நாலரை சென்டிமீட்டருக்குள் இருப்பதால் 2.2 சரியாக உட்காரும். கண்ணாடி வளையல் வேண்டாம், கனமும் கூட, துளை போடவும் முடியாது. பட்டை ஒரு சென்டிமீட்டராவது அகலம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பூச்சி ஏறிக் குதித்துவிடும்.

துளை போடுவது இப்படி. காகிதத்தில் வட்டம் வரைந்து 60 டிகிரிக்கு ஒரு கோடு போடுங்கள், வளையலை அதன்மேல் வைத்து ஸ்கெட்ச் பேனாவால் ஆறு புள்ளி. கோணி ஊசியைக் காய்ச்சி, பட்டையின் பாதி உயரத்தில் குத்துங்கள். பாதி உயரம் முக்கியம்: மேலே குத்தினால் ஸ்பிரிங் இழுக்கும்போது வளையல் சாய்ந்து ஒரு பக்கம் தூக்கும், பூச்சி அடி வழியாக வெளியே வந்துவிடும். உருகிய பிசிர் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதை பிளேடால் சீவி நகத்தால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிற பிசிர் பூச்சியின் ரப்பர் காலிலும் தட்டும், அது அந்த இடத்திலேயே திரும்பாமல் மாட்டிக்கொள்ளும்.

வளையல் வாங்கப் போனால் கடைக்கார அக்கா எத்தனை வயசுப் பெண்ணுக்கு என்று கேட்பார். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

7. பலகை

இரண்டரை அடிக்கு இரண்டரை அடி பிளைவுட், மேலே மைக்கா. பழைய கேரம் போர்டு இருந்தால் அதுவே போதும், பவுடர் போடாதீர்கள். ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மட்டம் பாருங்கள். அரை டிகிரி சாய்வு இருந்தாலும் எல்லாப் பூச்சியும் ஒரு மூலைக்குச் சாயும். ஃபேனை நிறுத்துங்கள், நம் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலையும் சாத்துங்கள். ஓர ஆணியை முதலில் பாதி மட்டும் அடிக்கவும், இழுப்பைச் சரிசெய்ய மாற்ற வேண்டிவரும்.

8. பட்டன் செல்

எல்ஆர்44, ஏஜி13 இரண்டும் ஒரே அளவுதான், கடையில் எந்தப் பெயர் சொன்னாலும் கொடுப்பார்கள். இந்த அல்கலைன் செல்லில் மின்னழுத்தம் ஓட ஓட இறங்கிக்கொண்டே போகும். காலையில் ஆடிய வலை மதியம் நின்றுவிட்டால் இயற்பியலைச் சந்தேகப்படுவதற்கு முன் செல்லைச் சந்தேகப்படுங்கள். மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒரு பூச்சிக்கு மட்டும் புதுச் செல் போட்டால் அது மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகும். அளவெடுக்கும் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்ஸைடு போடுங்கள். விலை கூட, ஆனால் தீரும்வரை மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும்.

9. ஓட்டிப் பார்ப்பது

எல்லாப் பூச்சியையும் கூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பலகையில் தனியே ஓடவிடுங்கள். நேரே போக வேண்டும். ஒரே பக்கமாக வளைந்து போகிறதைத் தள்ளி வையுங்கள். அதனால் ஏழுக்குப் பத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுகோணம் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் வலை சில ஓட்டத்தில் வலஞ்சுழியாகவும் சில ஓட்டத்தில் இடஞ்சுழியாகவும் ஆட வேண்டும். எப்போதும் ஒரே சுழி என்றால் அது கூட்டு நடத்தை இல்லை, உங்கள் பூச்சியின் கோணல். வைவாவில் இதைத்தான் முதலில் கேட்பார்கள், அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் தலைகளைக் கலைத்து வைத்து ஆரம்பித்து, சுழியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடும்போது பார்த்தால், மொத்த வலையும் சக்கரம் மாதிரி உருளாது. ஒவ்வொரு வளையலும் தன் இடத்தைச் சுற்றிச் சின்ன வட்டம் போடும், எல்லாம் ஒரே தாளத்தில். நடுவில் வட்டம் பெரிதாகவும் ஓரத்தில் சின்னதாகவும் இருக்கும், ஓரம் ஆணிக்குப் பக்கத்தில் என்பதால். ஆடவில்லை என்றால் முதலில் இழுப்பைக் குறையுங்கள், பிறகு செல்லை மாற்றுங்கள், அப்புறம்தான் ஸ்பிரிங். ஆடிக்கொண்டிருந்தால் இழுப்பைப் படிப்படியாக மாற்றிப் பாருங்கள். இழுவிசையை மட்டும் மாற்றினாலே வலை ஒரு வகை ஆட்டத்திலிருந்து, மொத்தமும் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திரும்பும் இன்னொரு வகைக்குத் திடீரென்று தாவும் என்று 2023-ல் ஆய்வு வந்திருக்கிறது. எம்.எஸ்சிக்கு இதைவிட நல்ல இரண்டாம் பாகம் கிடைக்காது.

10. வீடியோ

பூச்சி முதுகில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள்: தலைப்பக்கம் பெரிது, வால்பக்கம் சின்னது, வேறு வேறு நிறம். இரண்டு பொட்டையும் சேர்த்தால் திசை, வளையல் நடுவைப் பார்த்தால் இடம். மொபைலை விட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், நேர் கீழே பார்க்கட்டும். நொடிக்கு 25 அல்லது 50 படம் என்று வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30, 60-ல் எடுத்தால் எல்இடி வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடிப் பொட்டின் நிறத்தைக் கெடுத்துவிடும். டிராக்கர் என்கிற இலவச மென்பொருளில் ஏழு பூச்சியைக் கையாலேயே பின்தொடரலாம். பத்தொன்பதுக்கு ஓபன்சிவி (வீடியோவில் பொட்டைத் தானாகத் தேடும் நிரல் தொகுப்பு) கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

11. கணினியில் சரிபார்ப்பு

பைத்தான் மொழியும் அதன் நம்பை (NumPy) என்கிற கணக்குத் தொகுப்பும் போதும், எந்தப் பழைய லேப்டாப்பும் ஓட்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டே விதி: வேகம் என்பது பூச்சியின் தள்ளலும் ஸ்பிரிங் இழுப்பும் சேர்ந்தது, தலை, வேகத்தின் திசைக்குத் திரும்புகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு சீக்கிரம். முடுக்கம் வேண்டாம், உராய்வு அதை விழுங்கிவிடும்.

வலைக்குப் போவதற்கு முன் ஒரு பூச்சி, ஒரு பிடிப்பு மட்டும் எழுதி ஓட்டுங்கள். நீளத்தைத் திரும்பல்நீளத்தில் அளந்தால், விகிதம் 2 என்று வைக்கும்போது வட்ட ஆரம் 1.41 வர வேண்டும், தலை வெளிநோக்கிய திசைக்கு 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், ஒரு சுற்றுக்கு 6.28 காலஅலகு ஆக வேண்டும் (காலஅலகு என்பது உராய்வுக் கெழுவை விறைப்பால் வகுத்தது). விகிதம் 4 என்றால் ஆரம் 2, கோணம் 60, சுற்றுக்கு 3.63. ஒன்றுக்குக் கீழே என்றால் சுற்றாமல் நின்றுவிட வேண்டும். இந்த எண்கள் வராத புரோகிராமை வலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

காலப்படி 0.01 போதும். இரைச்சல் (தற்செயல் நடுக்கம், நாய்ஸ்) சேர்க்கும்போது அதைக் காலப்படியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், வெறும் காலப்படியால் பெருக்கினால் படியைக் குறைக்கக் குறைக்க இரைச்சல் காணாமல் போகும். கேட்கிற ஒவ்வொரு ஜூனியரின் புரோகிராமிலும் இந்தப் பிழை இருக்கிறது.

பிறகு வலையின் இயல்பு அதிர்வு வகைகளை (நார்மல் மோட்) நம்பையில் எடுங்கள். ஏழு முடிச்சுக்கு 14, பத்தொன்பதுக்கு 38. வீடியோவில் அளந்த நகர்வை அவற்றின்மேல் பிரித்துப் பார்த்தால் பெரும்பங்கு ஒரே ஒரு ஜோடியில் போய்க் குவிந்திருக்கும். ஆற்றல் குறைந்த ஜோடிதான் எப்போதும் ஜெயிக்கும் என்று எழுதிவிடாதீர்கள். 2022 ஆய்வின் முக்கிய முடிவே அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதுதான்.

12. செலவும் காலமும்

விலை கடைக்குக் கடை மாறும், இது தோராயம். சாதா பூச்சி ஒன்று 150 முதல் 200 ரூபாய், ஒரிஜினல் இறக்குமதி அதைப் போலப் பல மடங்கு. ஸ்பிரிங் நூறு செய்ய 1,000 முதல் 1,500. பட்டன் செல் பத்து உள்ள அட்டை நூற்றுச் சொச்சம். வளையல் டஜன் நூறுக்குள். பலகை 800. ஏழு பூச்சி வலை நாலாயிரத்தைச் சுற்றி முடியும், பத்தொன்பது ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகும், சில்வர் ஆக்ஸைடு செல் தனி.

நாளைத் தின்பது ஸ்பிரிங்தான். பட்டறையில் "அடுத்த வாரம்" என்றால் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் செமஸ்டரில் ஆரம்பித்தால் நேரம் போதாது. மூன்றாம் செமஸ்டர் முடியும்போதே ஒரு பூச்சி அளவும் கணினி வேலையும் முடிந்திருக்கட்டும். மழைக்காலத்தில் மைக்காவில் ஈரம் பூத்துத் தள்ளுவிசை மாறும், ஜூன் ஜூலையில் எடுத்த எண்ணையும் ஜனவரியில் எடுத்ததையும் ஒரே படத்தில் போடாதீர்கள்.

13. இதை வைத்து மேலே போக நினைத்தால்

இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப் தருகின்றன, இரண்டு மாதம். விண்ணப்பம் வழக்கமாக வருஷக் கடைசியில் ஆன்லைனில் வரும். மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரைக் கடிதம், என்ன செய்ய ஆசை என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள்வரை விடாதீர்கள், மாஷுக்கும் தேர்வுப் பணி இருக்கும். பக்கத்திலேயே பாலக்காடு ஐஐடி இருக்கிறது, திருவனந்தபுரம் ஐசர் விதுராவில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போடும்போது ஆடும் வலையின் ஒரு நிமிட வீடியோ லிங்க்கையும் உங்கள் மூன்று எண்களையும் முதல் நாலு வரிக்குள் வையுங்கள்.

பாரதியாரில் பி.எஸ்சி முடித்து காலிகட்டில் எம்.எஸ்சி சேர்ந்தவர்கள் எலிஜிபிலிட்டி சான்றிதழ், மைக்ரேஷன், டிசி மூன்றின் நகலையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கே விண்ணப்பித்தாலும் கேட்கிறார்கள். பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனித் தலைவலி: தமிழ்நாட்டுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், கேரளா எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், ஆதாரை அதற்கு ஏற்றபடி முன்கூட்டியே திருத்திவிடுங்கள். அக்ஷயா சென்டரில் (கேரளாவின் இ-சேவை மையம்) வேலை ஆகும், ஆனால் திருத்தம் ஏறி வரச் சில வாரம் பிடிக்கலாம், எனவே ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுக்கிற அன்றே இதற்கும் கொடுத்துவிட்டு வாருங்கள்.